லூபஸ் நோயுள்ள பெண்ணை நாய் கடித்தால்

நாய் கடித்தால் ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட வேண்டும் என்பது எங்கள் ஊரில் சிறு பிள்ளைக்கும் தெரிந்த விடயம். 1973ஆம் ஆண்டில் இலங்கையில் விசர்நாய்க்கடி நோயினால் 377 பேர் இறந்தனர். அண்மைய ஆண்டுகளில் இத்தொகை இருபது, முப்பது என்ற அளவுக்குக் குறைந்துள்ளது. அரசாங்க வைத்தியசாலைகளில் இலவசமாகக் கிடைக்கும் தடுப்பூசியும், நாய்களுக்குப் போடப்படும் ஊசியுமே இதற்கு முக்கிய காரணங்கள்.

ஆனால், வேறொரு நோய்க்காக உடலின் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் குளிசைகளை நாள்தோறும் உட்கொள்ளும் ஒரு பெண்ணை நாய் கடித்தால் என்ன செய்வது? மற்றவர்களுக்குப் போடும் ஊசி அவளுக்கும் போதுமா? குதிரையின் இரத்தத்திலிருந்து எடுத்த சீரத்தை அவளது உடல் தாங்குமா? அவளுக்கு ஏற்கெனவே உள்ள நோய் அதனால் கிளம்பிவிடாதா? 2023ஆம் ஆண்டில் இந்தக் கேள்விகள் எனக்கு எழுந்தன. இவற்றுக்கு ஒரு பகலுக்குள் நான் விடை தேட வேண்டியிருந்தது. என்னைப் போன்ற சகோதரிகள் பலர் இருப்பதால், நான் கேட்டு அறிந்தவற்றையும் எடுத்த முடிவையும் இங்கு எழுதுகிறேன்.

லூபஸ் என்பது என்ன?

எங்கள் உடலுக்குள் கிருமிகளை எதிர்த்து நிற்கும் ஒரு காவல் ஏற்பாடு உண்டு. கிருமி ஒன்று நுழைந்ததும், அதைப் பிடித்து அழிப்பதற்கென்றே சில புரதங்களை உடல் உண்டாக்கும். இவற்றைப் பாடசாலைப் புத்தகங்களில் பிறபொருளெதிரிகள் என்று படித்திருப்பீர்கள். லூபஸ் நோயில் இந்தக் காவல் தடுமாறி, சொந்த உடலையே எதிரி என்று எண்ணித் தாக்குகிறது. மூட்டுகள், தோல், இரத்தம், சிறுநீரகம் என எதையும் அது விட்டு வைப்பதில்லை. இந்நோய் உள்ள பத்துப் பேரில் ஏறத்தாழ ஒன்பது பேர் பெண்கள். பெரும்பாலும் பிள்ளை பெறும் வயதிலேயே இது தொடங்குகிறது.

2009இல் நாங்கள் இடம்பெயர்ந்து வவுனியாவில் முகாமில் இருந்த காலத்தில் எனக்கு மூட்டுவலியும் விட்டு விட்டு வரும் காய்ச்சலும் இருந்தன. அந்நாட்களில் உடம்பு நோகாத பெண் எவரும் இருக்கவில்லை. ஆதலால் அதை யாரும் நோயாகக் கருதவில்லை. மீள்குடியேறிய பின்னர், 2012இல் தான் லூபஸ் என்று கண்டறிந்தார்கள். அன்று தொடக்கம் பிரெட்னிசலோன், ஹைட்ரொக்சிகுளோரோகுயின், அசதயோபிரின் ஆகிய மூன்றும் என் சாப்பாட்டின் ஒரு பகுதி ஆகிவிட்டன. தடுமாறிய காவலை அடக்கி வைப்பதற்கே இம்மருந்துகள். ஆனால் அவை அடக்கும்போது நல்ல காவலும் சேர்ந்து அடங்கிப்போகிறது. இதனால் எங்களுக்குக் கிருமித் தொற்று எளிதில் ஏற்படும். தடுப்பூசிக்கு உடல் காட்டும் பதிலும் குறையலாம்.

கடி

நான் தையல் வேலை செய்து இரண்டு பிள்ளைகளை வளர்ப்பவள். கணவர் போரின் இறுதி நாட்களில் காணாமல் ஆக்கப்பட்டவர். ஒரு காலையில் தைத்த துணிகளைக் கொடுத்துவிட்டு வரும்போது, சந்திக்கு அருகில் ஒரு தெருநாய் பாய்ந்து என் வலது கையைக் கவ்வியது. நான் அதைச் சீண்டவில்லை, அதன் பக்கம் பார்க்கவும் இல்லை. பெருவிரலின் அடியிலும் உள்ளங்கையிலும் ஆழமாகப் பல் இறங்கியிருந்தது. அதே நாய் அன்று ஓர் ஆட்டையும் கடித்துவிட்டு காட்டுப் பக்கம் ஓடிப்போனதாகப் பின்னர் சொன்னார்கள். அதை மீண்டும் எவரும் காணவில்லை.

வீட்டில் குழாய் நீரைத் திறந்துவிட்டு, சவர்க்காரம் போட்டு, கால் மணித்தியாலம் விடாமல் காயத்தைக் கழுவினேன். பக்கத்து வீட்டு அக்கா கோப்பித்தூள் கொண்டு வந்தார், நான் வேண்டாம் என்று சொன்னேன். கழுவுவதே முதல் மருந்து என்பதைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் எங்கள் சங்கக் கூட்டத்தில் சொல்லியிருந்தார். இந்தக் கிருமி சவர்க்காரத்தால் அழியக்கூடியது.

இரண்டு வகை ஊசிகள்

வைத்தியசாலையில் கிளினிக் கொப்பியைக் காட்டினேன். அதைப் பார்த்த இளம் பெண் வைத்தியர் என்னைத் தனியே இருத்தி விளக்கினார். அவர் சொன்னதை எனக்கு விளங்கியபடி எழுதுகிறேன்.

விசர்நாய்க்கடிக் கிருமி இரத்தத்தில் ஓடுவதில்லை. அது காயத்திலுள்ள நரம்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல மூளையை நோக்கிச் செல்கிறது. பெரும்பாலும் ஓரிரு மாதங்கள் கழித்தே நோய்க்குறிகள் தெரியும். கை, முகம், தலை ஆகிய இடங்களில் நரம்புகள் அதிகம் என்பதால், அங்கு கடித்தால் ஆபத்து அதிகம். அது விரைவாகவும் வரக்கூடும். நோய்க்குறிகள் தொடங்கிய பின்னர் காப்பாற்ற மருந்து இல்லை. ஆகையால் அதற்கு முன்னரே தடுக்க வேண்டும்.

தடுப்பதற்கு இரண்டு வகை ஊசிகள் உள்ளன. ஒன்று தடுப்பூசி. அது கொல்லப்பட்ட கிருமியை உடலுக்குக் காட்டி, உடலே பிறபொருளெதிரிகளை உண்டாக்கச் செய்கிறது. இதற்கு ஒரு கிழமை அளவு எடுக்கும். மற்றையது சீரம். அதில் ஏற்கெனவே உண்டாக்கப்பட்ட பிறபொருளெதிரிகள் இருக்கின்றன. குதிரைக்குத் தடுப்பூசி போட்டு அதன் இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்துத் தூய்மையாக்கிய சீரமும் உண்டு, மனித இரத்தத்திலிருந்து எடுத்ததும் உண்டு. நிறைக்கு ஏற்ப அளவு கணித்து, காயத்தைச் சுற்றியும் காயத்துக்குள்ளும் ஏற்றுவார்கள். உடல் தன் சொந்தக் காவலைத் தயார் செய்யும் வரை, கிருமியை வாசலிலேயே மறித்து வைப்பது இதன் வேலை.

"அக்கா, உங்கட உடம்பு தடுப்பூசிக்கு எவ்வளவு பதில் கொடுக்கும் எண்டு எங்களால உறுதியாச் சொல்ல ஏலாது. அதனால உங்களுக்குச் சீரம் மற்றவைக்கு வேண்டியதிலும் பார்க்கக் கூடுதலா வேணும்" என்று அவர் சொன்னார்.

எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு உலக சுகாதார நிறுவனமும் இதையே பரிந்துரைக்கிறது. தோல் கிழியாத சிறு கீறல் போன்ற கடிக்குக் கூட, இத்தகையவர்களுக்குத் தடுப்பூசியோடு சீரமும் தேவை. முன்னர் தடுப்பூசி போட்டிருந்தாலும் அப்படித்தான்.

என் பயம்

அப்போது என் மனதில் வேறொரு பயம் இருந்தது. சில வருடங்களுக்கு முன்னர் ஒரு மருந்து ஒத்துக்கொள்ளாமல் உடம்பெங்கும் தடித்து, மூச்சு இழுத்து, நான்கு நாட்கள் விடுதியில் கிடந்தேன். என் காவல் ஏற்கெனவே தடுமாறியது. அதன் முன்னால் ஒரு குதிரையின் புரதத்தைக் கொண்டுபோய் நிறுத்தினால் என்ன ஆகும்?

தொலைபேசியில் பெரியம்மாவும் இதையே சொன்னார். "பிள்ளை, குதிரையின்ர ரத்தத்தை உன்ர உடம்பில ஏத்தினா வருத்தம் திரும்பக் கிளம்பும். நாலு ஊசி போட்டிட்டு வீட்டை வா. எத்தினை பேர் அதோட சுகமா இருக்கினம்." அவர் என்மீதுள்ள அன்பினால் தான் சொன்னார். 2014இல் லூபஸ் கிளம்பி என் சிறுநீரகத்தைத் தாக்கியபோது, ஐந்து மாதங்கள் என்னையும் பிள்ளைகளையும் பார்த்தவர் அவரே. வீட்டில் உழைப்பவள் நான் ஒருத்தி. படுத்துவிட்டால் அடுப்பு எரியாது. ஆகவே அந்தப் பயம் சும்மா வந்த பயம் அல்ல.

நான் கேட்ட கேள்விகள்

வைத்தியரிடம் நேரடியாகவே கேட்டேன். சீரத்தினால் என்ன கெடுதல் வரலாம்? வந்தால் மருந்து உண்டா? போடாவிட்டால் என்ன?

அவர் மறைக்காமல் சொன்னார். ஊசி போட்டவுடன் கடும் ஒவ்வாமை வரலாம். இப்போதுள்ள தூய்மையான சீரங்களில் அது மிக அரிது. வந்தால் உடனே கொடுக்க அட்ரினலின் மருந்து பக்கத்திலேயே இருக்கும், அதனால் விடுதியில் வைத்துத்தான் போடுவார்கள். ஏறத்தாழ ஒரு கிழமை கழித்து, சிலருக்குக் காய்ச்சல், மூட்டுவலி, தோலில் தடிப்பு வரலாம். இதைச் சீர நோய் என்பார்கள். பார்ப்பதற்கு லூபஸ் கிளம்பியது போலவே இருக்கும், ஆனால் சில நாட்களில் மருந்துடன் தணிந்துவிடும். லூபஸே கிளம்பினாலும் அதற்கும் மருந்து உண்டு. விசர்நாய்க்கடி நோய் வந்தால் மருந்து இல்லை.

தடுப்பூசி மாத்திரம் போட்டுப் பார்ப்போமா என்றும் கேட்டேன். அதற்கு அவர் ஒரு பழைய சம்பவத்தைச் சொன்னார். 1954ஆம் ஆண்டு ஈரானில் சாஹ்னே என்ற கிராமத்தில் ஒரு விசர் ஓநாய் இரவில் புகுந்து 29 பேரைக் கடித்தது. அவர்களில் 18 பேருக்குத் தலையில் கடுங்காயம். இந்தப் 18 பேரில் சீரமும் தடுப்பூசியும் பெற்றவர்கள் 13 பேர். அவர்களுள் ஒருவர் இறந்தார். தடுப்பூசி மாத்திரம் பெற்றவர்கள் ஐந்து பேர். அவர்களுள் மூவர் இறந்தனர். உலகமெங்கும் சீரத்தையும் தடுப்பூசியையும் சேர்த்துப் போடும் வழக்கத்துக்கு இந்தச் சம்பவம் வலிமை சேர்த்தது. அக்கிராமத்தவர்கள் லூபஸ் மருந்து குடித்தவர்கள் அல்லர். அவர்களது காவல் முழுதாக இருந்தும் தடுப்பூசி மாத்திரம் போதவில்லை.

அதற்குப் பின் எனக்கு முடிவெடுக்க நெடுநேரம் பிடிக்கவில்லை. ஒரு பக்கத்தில் திருத்தக்கூடிய கெடுதல், மறுபக்கத்தில் திருத்த முடியாத கெடுதல். பிள்ளைகளுக்குத் தாய் வேண்டும். சீரத்துக்கு ஒப்பம் வைத்தேன். பெரியம்மாவிடமும் காரணத்தைச் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப நான் பிள்ளையளைப் பார்க்க வாறன்" என்றார்.

ஊசி போட்ட விதம்

நான் முதலில் சென்ற சிறிய வைத்தியசாலையில் சீரம் இருக்கவில்லை. பெரிய வைத்தியசாலைக்குக் கடிதத்துடன் அனுப்பினார்கள். தடுப்பூசி தொடங்கி ஏழு நாட்களுக்குள் சீரம் போடலாம் என்றாலும், எவ்வளவு முந்திப் போடுகிறோமோ அவ்வளவு நல்லது. அதன் பின்னர் உடலே பிறபொருளெதிரியை உண்டாக்கத் தொடங்குவதால் அது தேவையில்லை. ஆதலால் அன்றைக்கே போனேன்.

அங்கு முதலில் முன்னங்கைத் தோலில் மிகச் சிறிய அளவைப் போட்டு அரை மணித்தியாலம் பார்த்தார்கள். பின்னர் காயத்தைச் சுற்றிச் சீரத்தை ஏற்றினார்கள். உள்ளங்கையில் ஊசி ஏறும்போது நன்றாக நொந்தது, அதை மறைத்து எழுதி என்ன பயன். தடுப்பூசியை மற்றக் கையின் தோள் தசையில் போட்டார்கள். எமது வைத்தியசாலைகளில் இத்தடுப்பூசியைப் பெரும்பாலும் தோலுக்குள் சிறிய அளவில் போடுவார்கள். எனக்கு முழு அளவு தசையில் போடப்பட்டது. எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு அதுவே பொருத்தம். குளோரோகுயின் வகை மருந்துகள், தோலுக்குள் போடும் ஊசிக்கு உடல் காட்டும் பதிலைக் குறைக்கலாம் என்பதும் ஒரு காரணம். ஒரு மாத காலத்தில் ஐந்து ஊசிகள் போட்டு முடித்தேன். ஒரு தவணையையும் தவறவிடவில்லை.

பிரெட்னிசலோனை அந்த நாட்களில் நிறுத்தலாமா என்று தாதி ஒருவரிடம் கேட்டேன். அவர் பதறிப்போய் வைத்தியரை அழைத்தார். நீண்ட காலம் குடித்த ஸ்டீரொயிட் மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் இரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம் என்று அவர் விளக்கினார். ஆகவே மருந்துகளைத் தொடர்ந்தேன்.

ஒன்பதாம் நாள் காய்ச்சலும் முழங்கால் வலியும் வந்தன. மணிக்கட்டில் தடிப்பு. அன்றிரவு நான் தூங்கவில்லை. காலையில் கிளினிக்குக்குப் போனேன். இரத்தமும் சிறுநீரும் சோதித்தார்கள். சிறுநீரில் புரதம் போகவில்லை. இது சீர நோய் என்று சொல்லி, ஒவ்வாமைக்குக் குளிசை தந்து, பிரெட்னிசலோனைச் சில நாட்களுக்குச் சற்றுக் கூட்டினார்கள். ஆறாம் நாள் எழுந்து மெஷினில் இருந்தேன். ஒரு கிழமை உழைப்புப் போனது, கடையில் கடன் ஏறியது. அந்தக் கடன் அடைந்து போய்விட்டது. ஊசிகள் முடிந்த பின்னர் இரத்தத்தில் பிறபொருளெதிரி போதியளவு உண்டாகியுள்ளதா என்று சோதித்து, போதும் என்றும் சொன்னார்கள்.

எல்லா ஊசியும் ஒன்றல்ல

முன்கூட்டித் தயாரித்த பிறபொருளெதிரியை ஊசியாகப் போடுவது எங்களுக்குப் புதிதல்ல. இரத்த வகை ஆர்.எச். நெகடிவ் ஆகவுள்ள தாய்மாருக்குப் போடும் அன்ரி டி ஊசியும் பிறபொருளெதிரி தான். எதிர்ப்புச் சக்தி குறைந்த ஒருவர் கொப்பளிப்பான் வந்தவருடன் நெருங்கிப் பழக நேர்ந்தால், சில நாட்களுக்குள் போடக்கூடிய இதே போன்ற ஊசியும் மருத்துவத்தில் உண்டு.

ஆனால் எல்லாவற்றிலும் முடிவு விசர்நாய்க்கடியைப் போலத் தெளிவாக இருப்பதில்லை. கொவிட் நோய்க்கு முன்தடுப்பாக எவுஷெல்ட் என்ற பிறபொருளெதிரி ஊசி 2021 டிசெம்பரில் அமெரிக்காவில் அவசர அனுமதி பெற்றது. தடுப்பூசிக்குப் பதில் காட்டாத உடல் உள்ளவர்களுக்கென்றே அது வந்தது. கொவிட் கிருமி உருமாறிக்கொண்டே போனதால் அந்த ஊசி பயனற்றுப் போக, 2023 ஜனவரியில் அனுமதியை நிறுத்தி வைத்தார்கள். 2024 மார்ச்சில் பெம்கார்டா என்ற இன்னொன்றுக்கு அனுமதி கொடுத்தார்கள். அதைச் சோதித்தபோது 623 பேரில் நான்கு பேருக்குக் கடும் ஒவ்வாமை வந்தது. இப்படியான ஊசியில் ஒரு பெண் நின்று நிதானித்து யோசிப்பது நியாயம். எனக்குக் கிருமி தொற்றும் வாய்ப்பு எவ்வளவு, இப்போது பரவும் கிருமிக்கு இந்த ஊசி பொருந்துமா, தொற்றினால் வேறு சிகிச்சை உண்டா என்று அவள் கேட்க வேண்டும். விசர்நாய்க்கடியில் கிருமி ஏற்கெனவே காயத்தில் இருக்கக்கூடும், பிந்திய சிகிச்சையும் இல்லை. ஆதலால் யோசிக்க அவகாசமும் இல்லை.

சகோதரிகளுக்குச் சில குறிப்புகள்

லூபஸ், வாதம் போன்ற நோய்களுக்கோ, மாற்றிய சிறுநீரகத்துக்கோ, புற்றுநோய்க்கோ மருந்து எடுப்பவர்கள் பின்வருவனவற்றை மனதில் வைத்திருங்கள்.

1. நாய், பூனை, கீரி போன்றவை கடித்தாலோ கீறினாலோ உடனே ஓடும் நீரில் சவர்க்காரமிட்டு 15 நிமிடங்கள் கழுவுங்கள். மிளகாய்த்தூள், கோப்பித்தூள், சுண்ணாம்பு, மண்ணெண்ணெய் எதையும் பூசாதீர்கள்.

2. அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போங்கள். "சின்னக் கீறல் தானே" என்று இருக்க வேண்டாம். கடித்தது வீட்டு நாய் என்றால், அதைக் கொல்லாமல் கட்டி வைத்து 14 நாட்கள் கவனியுங்கள். ஆனால் அதைப் பார்த்து முடியும் வரை உங்கள் ஊசியைத் தள்ளிப்போடுவதா என்பதை வைத்தியரே தீர்மானிக்கட்டும். நாய் செத்தால் புதைத்துவிடாமல் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவியுங்கள். அதன் தலையைக் கொழும்பிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்தில் சோதிக்க முடியும்.

3. உங்கள் நோயையும் குடிக்கும் மருந்துகளையும் நீங்களே முந்திச் சொல்லுங்கள். சன நெரிசலில் எவரும் கேட்காமல் விடலாம். முன்னர் ஒத்துக்கொள்ளாத மருந்தின் பெயரையும் சொல்லுங்கள்.

4. கிளினிக் கொப்பி, மருந்துப் பெயர்கள், ஒவ்வாமை விபரம் ஆகியவற்றின் ஒரு பிரதியைப் பொலித்தீன் உறையிலிட்டு அடையாள அட்டையோடு வைத்திருங்கள். இடப்பெயர்வில் எமது மருத்துவக் கடதாசிகளை இழந்து, நோயின் பெயரையே மீண்டும் முதலிலிருந்து தேடியவர்கள் நாங்கள். வெள்ளத்திலும் அதே கதிதான்.

5. மருந்துகளை உங்கள் எண்ணப்படி நிறுத்தவோ குறைக்கவோ வேண்டாம். ஊசிக்குப் பின் காய்ச்சலோ மூட்டுவலியோ வந்தால், லூபஸ் என்று நீங்களே முடிவு செய்யாமல் கிளினிக்குக்குப் போங்கள்.

6. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் இத்தடுப்பூசியையும் சீரத்தையும் பெறலாம். அவற்றைத் தவிர்ப்பதே தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து.

7. ஒரு தவணையையும் விடாதீர்கள். கூலி வேலைக்குப் போகும் பெண்கள் திகதிகளை அட்டையில் பார்த்து, அன்று பிள்ளைகளைப் பார்க்க ஓர் அயலவரிடம் முன்னரே சொல்லி வையுங்கள்.

தீராத நோயுடன் வாழும் பெண்ணுக்கு ஆலோசனை சொல்பவர்கள் அதிகம். அவர்கள் சொல்வதையும் கேட்போம், பெரும்பாலும் அவர்கள் எங்கள் நன்மைக்கே சொல்கிறார்கள். ஆனால் வைத்தியரின் முன்னால் இருக்கும்போது எனக்குப் பயன்பட்ட கேள்விகள் மூன்று: இதனால் வரக்கூடிய கெடுதல் என்ன, அதற்கு மருந்து உண்டா, இதைச் செய்யாவிட்டால் வரும் கெடுதலுக்கு மருந்து உண்டா. இந்த மூன்றையும் கேட்க வெட்கப்பட வேண்டியதில்லை. உங்கள் சங்கத்திலோ அயலிலோ இத்தகைய மருந்துகளை எடுக்கும் பெண் ஒருவர் இருந்தால், இப்பக்கத்தை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள்.